உங்களுக்குத் தெரியுமா? கார் பேட்டரியும் வாரன்ட்டியும்

● பேட்டரி "இறங்குவது" வேறு, "கெடுவது" வேறு. கதவு சரியாகச் சாத்தாமல் உள்விளக்கு எரிந்துகொண்டே இருந்து, காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் அது இறங்கிய பேட்டரி. சார்ஜ் போட்டால் எழுந்துவிடும். உள்ளே தகடு உதிர்ந்தோ, செல் ஷார்ட் ஆகியோ போயிருந்தால் அது கெட்ட பேட்டரி. வாரன்ட்டி இரண்டாவதற்கு மட்டும்தான், அதுவும் தயாரிப்புக் குறையால் கெட்டிருந்தால்தான். கடைக்கும் வாடிக்கையாளருக்கும் நடக்கும் சண்டைகளில் முக்கால்வாசி இந்த ஒரு வேறுபாட்டில்தான் தொடங்குகிறது. ஆகவே கடைக்குப் போகும் முன்பே உங்கள் பேட்டரி எந்த ரகம் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

● அதைத் தெரிந்துகொள்ள, எலக்ட்ரிகல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று போதும். வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து பேட்டரியின் இரண்டு டெர்மினலிலும் முனைகளை வையுங்கள். 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 11.9க்குக் கீழே போனால் காலி. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். அப்படிக் காட்டினால் ஆல்டர்னேட்டர் (நம் மெக்கானிக்குகள் இன்னும் "டைனமோ" என்றுதான் சொல்வார்கள்) வேலை செய்கிறது என்று பொருள்.

● முழுதாக சார்ஜ் போட்ட பிறகும் மீட்டர் 10.5 வோல்ட் பக்கத்திலேயே நின்றால் அது முக்கியமான தடயம். 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு செல்கள் வரிசையாக இணைந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் 2.1 வோல்ட் தரும். ஒரு செல் செத்துவிட்டால் ஐந்து செல்லின் கணக்குதான் மீட்டரில் வரும். "செல் போயிடுச்சு சார்" என்று கடைக்காரர் சொல்வது இதைத்தான். விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும், ஆனால் எஞ்சினைச் சுற்றப் பலம் இருக்காது. வாரன்ட்டியில் மாற்றித் தருவதற்குத் தெளிவான காரணங்களில் இது ஒன்று.

● காரில் இருக்கும் ஈய‑அமில பேட்டரியின் மின்னழுத்தத்தில் பெரும்பகுதி ஐன்ஸ்டீனின் சார்பியல் விளைவால் வருகிறது! ஈய அணு கனமானது. அதன் உட்கருவுக்கு அருகில் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் கணிசமான பங்கை எட்டும் வேகத்தில் ஓடுவதால் அணுவின் ஆற்றல் நிலைகளே மாறிவிடுகின்றன. ஒரு செல்லின் 2.1 வோல்ட்டில் 1.7 முதல் 1.8 வோல்ட் வரை இந்த விளைவின் பங்கு என்று ராஜீவ் அகுஜா, பெக்கா பியூக்கோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2011இல் 'ஃபிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழில் கணக்கிட்டுக் காட்டினார்கள். இதே வகை பேட்டரியை வெள்ளீயத்தில் யாரும் செய்யாததற்கும் இதுதான் விடை.

● இந்த பேட்டரியை பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்டன் பிளான்டே 1859இல் கண்டுபிடித்தார். அப்போது கார் கிடையாது.

● கார் வந்த பிறகும் பல ஆண்டுகள் எஞ்சினை முன்பக்கம் கம்பியைச் செருகிக் கையால்தான் சுற்றினார்கள். எஞ்சின் பின்னடித்தால் கம்பி கையை முறித்துவிடும். 1912ஆம் ஆண்டு மாடல் கெடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டர் வந்தது. அன்றிலிருந்துதான் பேட்டரி காரின் அத்தியாவசிய உறுப்பானது.

● எஞ்சினை ஸ்டார்ட் செய்ய பேட்டரி பெரிய அளவு சக்தியைச் செலவழிக்கிறது என்று பலரும் நினைக்கிறோம். சின்ன பெட்ரோல் கார் இரண்டு வினாடி 150 ஆம்பியர் இழுத்தாலும் மொத்தச் செலவு 0.1 ஆம்பியர்‑மணிகூட ஆகாது. 5 வாட் உள்விளக்கு கால் மணி நேரம் எரிந்தால் அதைவிட அதிகம் தின்றுவிடும். ஹெட்லைட்டை அணைக்க மறந்தால் 55 வாட் பல்புகள் இரண்டு சேர்ந்து 35 ஆம்பியர்‑மணி பேட்டரியை நான்கு மணி நேரத்துக்குள் காலி செய்துவிடும்.

● நிறுத்திய காரும் மின்சாரம் குடிக்கிறது. அலாரம், சென்ட்ரல் லாக், கடிகாரம், எஞ்சின் கம்ப்யூட்டரின் நினைவகம் எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் வரை இழுப்பது இயல்பு. ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்‑மணி. முப்பது நாளில் 36. சின்ன கார்களில் இருப்பது 35 ஆம்பியர்‑மணி பேட்டரி! இதனால்தான் 2020 ஊரடங்கில் வீட்டு வாசலில் நின்ற கார்களில் அத்தனை பேட்டரிகள் படுத்தன. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையைப் பார்க்க மூன்று மாதம் போகிறீர்களா? பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். பக்கத்து வீட்டுத் தம்பியிடம் சாவியைக் கொடுத்து "வாரத்துக்கு ஒருதரம் ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விடுப்பா" என்று சொல்வதைவிட இது நல்லது. ஐந்து நிமிடத்தில் ஒரு வாரத்து இழப்பு ஈடாகாது.

● இறங்கிய பேட்டரியை அப்படியே போட்டுவைத்தால் அது மெல்ல மெல்லக் கெட்ட பேட்டரியாகிவிடும். சார்ஜ் இறங்கும்போது தகடுகளில் ஈய சல்ஃபேட் படிகிறது. உடனே சார்ஜ் போட்டால் அது கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் கெட்டிப் படிகமாக இறுகி, பிறகு எந்த சார்ஜுக்கும் கரையாது. இதற்கு சல்ஃபேஷன் என்று பெயர். வாரன்ட்டிப் பரிசோதனையில் இது தெரிந்தால் "கவனிப்பில்லாமல் விட்டது" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள்.

● நம் ஊர் பேட்டரிகளின் முதல் எதிரி வெயில். மேலைநாட்டவர் பனிக்காலத்தைப் பழிப்பார்கள். உண்மையில் குளிர், ஏற்கெனவே நலிந்துபோன பேட்டரியை அம்பலப்படுத்துகிறது. நலிய வைப்பது வெப்பம்தான். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் உள்ளே நடக்கும் அரிப்பின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது, ஆயுள் பாதியாகிறது என்பது இத்துறையின் கைக்கணக்கு. மே மாதத்தில் வேலூரிலோ திருச்சியிலோ மதிய நேரத்தில் பானட்டுக்கு அடியில் என்ன சூடு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வண்டியை நிழலில் நிறுத்துவது பெயின்ட்டுக்கு மட்டும் செய்யும் உபகாரம் இல்லை.

● டெர்மினலில் வெள்ளையும் நீலப்பச்சையுமாகப் பூத்திருப்பது, நல்ல பேட்டரியையே செத்ததுபோலக் காட்டும். சாவியைத் திருப்பினால் "டிக்… டிக்…" என்று ரிலே சத்தம் மட்டும் வரும். கேபிளைக் கழற்றி, வெந்நீரில் சமையல் சோடா கலந்து ஊற்றினால் நுரை பொங்கி அந்தப் பூப்பு கரைந்து வழிந்துவிடும் (மூடிகள் உள்ள பேட்டரி என்றால் மூடிகள் இறுகியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்). நன்றாகத் துடைத்து, கிளாம்பை இறுக்கி, மேலே கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். பேட்டரி மாற்ற வேண்டும் என்று நினைத்த வண்டிகளில் எத்தனையோ இந்த அரை மணி வேலையிலேயே சரியாகியிருக்கின்றன.

கேபிளைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில். மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். இந்த வரிசை மாறி, ஸ்பேனர் பாசிட்டிவிலும் பாடியிலும் ஒரே நேரத்தில் பட்டால் நெருப்புப் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து வெளியேறும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பற்றக்கூடியது.

● பேட்டரியின் மேல் இருக்கும் வட்டக் "கண்" பச்சையாக இருப்பதால் எல்லாம் சரி என்று நம்பிவிடாதீர்கள். அது ஆறு செல்களில் ஒரே ஒரு செல்லின் நிலையைத்தான் காட்டும். மற்ற ஐந்தில் ஒன்று செத்திருந்தாலும் கண் பச்சையாகவே இருக்கலாம். "பச்சை எரியுது சார், பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்று கடையில் சொன்னால் லோடு டெஸ்ட் (பெரிய மின்சுமை ஏற்றிப் பார்க்கும் சோதனை) போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

● வாரன்ட்டிக்குக் கொண்டுபோகும் பேட்டரியைக் கடையில் என்ன செய்கிறார்கள்? முதலில் சீரியல் எண்ணைப் பார்ப்பார்கள். பிறகு வோல்ட். மூடியைத் திறக்கக்கூடிய ரகமாக இருந்தால் ஹைட்ரோமீட்டர் வரும்: ரப்பர் பல்பு வைத்த கண்ணாடிக் குழாய். பல்பை அமுக்கி விட்டால் ஆசிட் தண்ணீர் குழாயில் ஏறும், உள்ளே இருக்கும் மிதவை ஆடி ஆடி ஓர் அளவில் நிற்கும். கடைக்காரர் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்து "ஆயிரத்து இருநூத்தம்பது" என்பார். அதாவது அடர்த்தி 1.250. ஒவ்வொரு செல்லிலும் எடுத்துச் சாக்பீஸால் பேட்டரியின் மேலேயே எழுதிக்கொண்டு போவார். ஐந்து செல் 1240, 1250 என்று வந்து, ஒன்று மட்டும் 1150க்கு இறங்கினால் அந்தச் செல்லில்தான் நோய். ஆறும் ஒரே அளவில் தாழ்ந்திருந்தால் பேட்டரி வெறுமனே இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது சார்ஜில் போட்டு ஒரு ராத்திரி, சில சமயம் இரண்டு நாள் வைத்துக்கொள்வார்கள். அதன் பிறகே லோடு டெஸ்ட். பெரிய மின்சுமையைச் சில வினாடி ஏற்றி, வோல்ட் எவ்வளவு சரிகிறது என்று பார்ப்பது. 9.6 வோல்ட்டுக்குக் கீழே தொப்பென்று விழுந்தால் பேட்டரி தேறாது.

இந்த எண்களைப் பக்கத்தில் நின்று நீங்களே பாருங்கள், போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி கடையில் இருக்கும் நாள்களுக்குத் தற்காலிகமாக ஒரு ஸ்டாண்ட்‑பை பேட்டரி கேளுங்கள். பல டீலர்கள் வைத்திருப்பார்கள், கேட்டால்தான் தருவார்கள்.

● இப்போது பல கடைகளில் கைக்கு அடக்கமான மின்னணுக் கருவி வந்துவிட்டது. இரண்டு கிளிப்பை மாட்டினால் சில வினாடியில் "குட்", "ரீசார்ஜ்", "ரிப்ளேஸ்" என்று துண்டுச் சீட்டு அடித்துத் தரும். மின்னசோட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் கீத் சாம்ப்ளின் உருவாக்கிய முறை இதற்கு அடிப்படை. தகடுகள் எவ்வளவு எளிதாக மின்சாரத்தைக் கடத்துகின்றன என்று அளந்து உடல்நிலையைக் கணிக்கிறது. அந்தச் சீட்டு உங்களுக்கு உரியது. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

● "48 மாத வாரன்ட்டி" என்று பெரிய எழுத்தில் இருக்கும். அட்டையைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படித்தால் 24+24 என்று இருக்கும். முதல் 24 மாதம் கெட்டால் இலவச மாற்று. அடுத்த 24 மாதம் "புரோ‑ரேட்டா": புதிய பேட்டரியின் விலையில் ஒரு தள்ளுபடி மட்டும், அதுவும் மாதம் ஏற ஏறக் குறைந்துகொண்டே போகும். வாங்கும் அன்றைக்குக் கேட்க வேண்டிய கேள்வி, "மொத்தம் எத்தனை மாதம்?" அல்ல. "ஃப்ரீ ரிப்ளேஸ்மென்ட் எத்தனை மாதம்?" இரண்டு பேட்டரிகளுக்கு மொத்த மாதம் ஒன்றாக இருந்து, இலவசக் காலம் வேறாக இருப்பது சாதாரணம்.

● புரோ‑ரேட்டா தள்ளுபடியைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அது பெரும்பாலும் அட்டையில் அச்சிட்ட எம்.ஆர்.பி. மீதுதான் கணக்காகும். ஆனால் எம்.ஆர்.பி.க்கு பேட்டரி விற்கும் கடை அபூர்வம். உதாரணத்துக்கு, எம்.ஆர்.பி. 6,000 ரூபாய், உங்களுக்கு 20 சதவீதத் தள்ளுபடி என்று வைத்துக்கொள்வோம். 4,800 கட்ட வேண்டும், பழைய பேட்டரியும் அவர்களுக்கே. அதே பேட்டரி வெளியே 5,200க்குக் கிடைத்து, பழையதற்கு 700 எக்ஸ்சேஞ்ச் கழித்தால் 4,500. வாரன்ட்டியைப் பயன்படுத்தியவருக்கு முந்நூறு ரூபாய் நஷ்டம்! கூடவே, தள்ளுபடியில் வாங்கும் பேட்டரிக்குப் புது வாரன்ட்டி உண்டா என்றும் கேளுங்கள். உண்டு என்றால் பில்லில் எழுதி வாங்குங்கள்.

● இலவசமாக மாற்றித் தந்த புதிய பேட்டரிக்கு வாரன்ட்டி புதிதாகத் தொடங்குவதில்லை. பழைய பேட்டரிக்கு மீதி இருந்த காலம்தான் இதற்கும். 20ஆவது மாதத்தில் மாற்றினால், இலவசக் காலத்தில் உங்களுக்கு மிச்சம் நான்கே மாதம். ஆகவே பழைய பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மாற்றித் தந்த சீட்டையும் அதையும் சேர்த்தே வைக்க வேண்டும்.

● பில்லைப் பற்றி ஒன்று. தெர்மல் தாளில் அடித்த பில் ஒரு வருடத்தில் வெளுத்து வெற்றுத்தாள் ஆகிவிடும், கார் டேஷ்போர்டு சூட்டில் இன்னும் சீக்கிரம். வாங்கிய அன்றே படம் எடுத்து வைத்துவிடுங்கள். பில்லில் பேட்டரியின் சீரியல் எண், விற்பனைத் தேதி, வண்டி எண் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சீரியல் எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தால்கூட இரண்டு வருடம் கழித்து அலைய வேண்டியிருக்கும். பேட்டரியின் மீது குத்தியிருக்கும் எண்ணையும் தனியாக ஒரு படம் எடுங்கள். தேய்ந்துபோன எண்ணுக்கு வாரன்ட்டி தர மாட்டார்கள்.

● புதுக் காருடன் வந்த பேட்டரிக்குப் பெரும்பாலும் கார் கம்பெனியின் வாரன்ட்டி பொருந்தாது. டயரும் பேட்டரியும் அவற்றைத் தயாரித்தவர்களின் பொறுப்பு என்று கார் வாரன்ட்டிப் புத்தகத்திலேயே எழுதியிருப்பார்கள். ஆகவே சர்வீஸ் சென்டரில் நாள்களைக் கழிக்காமல், அந்த பேட்டரி கம்பெனியின் டீலரிடம் கார் வாங்கிய பில்லோடு நேரே போகலாம்.

● வாரன்ட்டி மறுக்கப்படும் காரணங்களில் நியாயமானவையும் உண்டு. பேட்டரியின் பக்கம் உப்பியிருந்தால் பெரும்பாலும் குற்றவாளி ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர். 15 வோல்ட்டுக்கு மேல் தள்ளித் தள்ளி பேட்டரியை வேகவைத்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் புது பேட்டரி மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும். அதிக வாட் ஹெட்லைட், ஆம்ப்ளிஃபயர் என்று வயரை அறுத்து இணைத்தது, சீல் செய்த மூடியைத் திறந்தது, ஆசிட் ஊற்றியது எல்லாம் இந்தப் பட்டியலில் சேரும். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பேட்டரியை வாடகை வண்டியில் போட்டால் வாரன்ட்டி குறையலாம், இல்லாமலும் போகலாம். அட்டையில் பாருங்கள்.

● மூடி உள்ள பேட்டரியில் தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே. ஆவியாகிப் போவது தண்ணீர்தான், அமிலம் உள்ளேயே இருக்கிறது. கேன் தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீரும் குடிக்க நல்லவை, பேட்டரிக்கு ஆகாது.

● 38பி20எல்: பேட்டரியின் மேல் இருக்கும் இந்த எண் ஜப்பானியத் தரக் குறியீடு. 38 திறனைக் குறிக்கும் எண், 'பி' அகல உயர வகை, 20 என்பது சென்டிமீட்டரில் நீளம். கடைசி எழுத்து எல் அல்லது ஆர், டெர்மினல்கள் எந்தப் பக்கம் என்பதற்கு. அந்த ஓர் எழுத்து மாறினால் கேபிள் எட்டாது. இழுத்துக் கட்டிக்கொடுக்கும் கடையை நம்பாதீர்கள். சிக்னலில் தானாக அணைந்து எழும் ஸ்டார்ட்‑ஸ்டாப் காருக்கு அதற்கென்று உள்ள ஈ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். ரகம்தான் வேண்டும். விலை குறைவு என்று சாதாரண பேட்டரி மாட்டினால் சீக்கிரமே படுத்துவிடும், வாரன்ட்டியும் கேட்க முடியாது.

● ஆட்டோமேட்டிக் கியர் காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. ஆகவே ஜம்பர் கேபிள் ஒன்று டிக்கியில் இருக்கட்டும். இணைக்கும் வரிசை: இறங்கிய பேட்டரியின் பிளஸ், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ், பிறகு நல்ல பேட்டரியின் மைனஸ், கடைசி முனை இறங்கிய காரின் எஞ்சின் உலோகத்தில், பேட்டரியிலிருந்து தள்ளி.

● மின்சார காருக்கும் 12 வோல்ட் பேட்டரி உண்டு. காரின் தரைக்கு அடியில் இருக்கும் பெரிய பேட்டரியில் நானூறு கிலோமீட்டர் ஓடும் சார்ஜ் முழுதாக இருக்கும். ஆனால் கதவுப் பூட்டும் கம்ப்யூட்டரும் இந்தச் சின்ன பேட்டரியில்தான் விழிக்கின்றன. அது படுத்தால் கார் நகராது. பெரிய பேட்டரிக்கான எட்டு வருட வாரன்ட்டி இதற்குப் பொருந்தும் என்று எண்ணிவிட வேண்டாம்.

● பேட்டரி ஆராய்ச்சியில் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் இருக்கிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகமான 'செக்ரி'க்கு 1948இல் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். ஈய‑அமிலம் முதல் லித்தியம் வரை அங்கே ஆராய்கிறார்கள்.

● நியாயமான வாரன்ட்டியை மறுத்தால்? வாயால் சொல்லும் மறுப்பை ஏற்காதீர்கள். காரணத்தையும் பரிசோதனை எண்களையும் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர வேண்டும் என்றதும் பல மறுப்புகள் இளகிவிடும். அடுத்து கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல். அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பேட்டரியை எங்கே வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

● பழைய பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். அதனால்தான் அதற்கு எப்போதும் விலை உண்டு. தெருவில் வரும் காயலான் கடை வண்டிக்காரர் நூறு ரூபாய் கூடத் தருகிறேன் என்பார். அப்படிப் போகும் பேட்டரி எங்கோ ஒரு கொட்டகையில் உடைக்கப்பட்டு, ஆசிட் மண்ணில் கொட்டப்பட்டு, ஈயம் திறந்தவெளியில் உருக்கப்படலாம். அந்தப் புகையும் தூசும் முதலில் பாதிப்பது சுற்றியிருக்கும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியை. 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரித்து முறையாக மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. பழையதை டீலரிடமே கொடுத்து, பில்லில் எக்ஸ்சேஞ்ச் தொகையைத் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள்.